ஏட்டை மூடிப் படித்தல்

"எவ்வளவு படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை, எனக்கு ஞாபகசக்தி கிடையாது" என்று சொல்லும் மாணவர்களைப் பள்ளிதோறும் காணலாம். பெற்றோரும் அதை நம்பி வல்லாரை லேகியம் தேடத் தொடங்கிவிடுவர். அத்தகைய பிள்ளையிடம் நான் கேட்பது ஒன்றே: "எப்படிப் படித்தாய்?" பெரும்பாலும் வரும் விடை, "நான்கு தடவை வாசித்தேன்" என்பதுதான். குறை அந்த நான்கு தடவையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்னும் உளநூலார் இருவர் 2006ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்க்குச் சிறிய உரைநடைப் பகுதி ஒன்று தரப்பட்டது. ஒரு சாரார் நான்கு வேளையும் அதனை வாசித்துக்கொண்டே இருந்தனர். வேறொரு சாரார் முதல் வேளை மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே வென்றனர். அவர்களுக்கு 83 சதவிகிதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவிகிதமும் நினைவிருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடமோ நிலைமை தலைகீழாயிற்று: வாசித்தவர் 40, எழுதிப் பார்த்தவர் 61. இத்தனைக்கும் முன்னவர் சராசரியாகப் பதினான்கு தடவை வாசித்திருந்தனர். பின்னவர் மூன்று தடவைக்குச் சற்று மேல். இன்னொன்றும் கேளுங்கள். ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே வினவியபோது, அதிக நம்பிக்கையோடு பேசியவர்களும் வாசித்தவர்களே!

தெருவில் நாள்தோறும் எதிர்ப்படும் ஒருவரின் முகம் நமக்குத் தெரியும்; பெயர் வராது. திரும்பத் திரும்ப வாசித்த பக்கமும் அப்படிப்பட்ட அறிமுகம்தான். தேர்வு மண்டபத்தில் கேட்கப்படுவது பெயர்.

மூளையின் உட்புறத்தில், கடற்குதிரை போன்று வளைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு இருக்கிறது. பெருமூளையில் சிதறிப் பதிந்தவற்றை ஒருங்கு சேர்த்து நினைவாக எழுப்புவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நினைவை எழுப்புவது, எழுதி வைத்ததை எடுத்துப் படிப்பது போன்ற செயலன்று. எழுப்பும்போதே அது மாறக்கூடும். 2000ஆம் ஆண்டில் எலிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், எழுப்பப்பட்ட அச்ச நினைவு சிறிது நேரம் இளகி, மறுபடி இறுகுவது தெரியவந்தது. ஆகவே பிழையாக நினைவுகூர்ந்தால் பிழையும் ஊன்றிவிடக்கூடும். எழுதியபின் ஏட்டோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

இது நம்மவர்க்கு முற்றிலும் புதியதும் அன்று. பவணந்தியாரின் நன்னூல், கேட்டவற்றை நினைப்பதையும், வினவுவதையும், வினாவுக்கு விடை கூறுவதையும் மாணாக்கன் கடமைகளாகவே சொல்லுகிறது. இதைக் கொண்டு, பொருள் அறியாது உருப்போடுவதை நான் ஆதரிப்பதாக எண்ண வேண்டா. விளங்காததை எத்தனை முறை ஒப்பித்தும் பயனில்லை. உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்.

பாடம் நடந்த அன்றிரவு ஒரு வெற்றுத் தாளோடு அமருங்கள். நான்கு வரிக்கு மேல் வராமற் போகலாம். வேண்டிய சொல் வராமல் தவிக்கும் அந்த நிமிஷத்தில் புத்தகத்தின்மேல் கை வையாதீர்கள். அந்தத் தவிப்பில்தான் வேலை நடக்கிறது. பிறகு திறந்து பார்த்து, விட்டவற்றையும் பிழைபட்டவற்றையும் சிவப்பு மையில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்தும், மறு வாரத்திலும் புதிய தாளில் எழுதிப் பாருங்கள். பழைய தாளில் சிவப்பாய் நின்ற வரிகள் புதிய தாளில் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.