மீனுக்கும் தாகம் உண்டு

நீரிலே பிறந்து நீரிலே மடியும் மீனுக்குத் தாகம் உண்டோ என வினவினால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் கடல் மீன் ஓயாது நீர் அருந்துகின்றது. குளத்து மீனோ அருந்துவதில்லை என்றே சொல்லலாம். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உப்பு.

ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. மீனின் குருதியிலுள்ள உவர்ப்போ பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்குதான். ஆதலாற் கடலில் மீனின் உடல்நீர் வெளியேறும், உப்பு உட்புகும். குளத்தில் நிலைமை தலைகீழ். இவ்விரு இடர்களையும் தாங்கி நிற்பது, பேச்சு வழக்கில் 'பூ' எனப்படும் செவுள். உப்பை வெளியே தள்ளும் கலங்கள் விலாங்கின் செவுளில் இருப்பதை 1932இல் கீஸ், வில்மர் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பெற்ற திலாப்பியா குளத்திலும் வாழும், களப்பிலும் வாழும். எனினும் குளத்தில் வளர்ந்ததைத் திடீரெனக் கடல் நீரில் விட்டால் சில மணி நேரத்திற் பெரும்பாலும் மடியும். பாதியளவு உவர்ப்புள்ள நீரில் ஓரிரு நாள் வைத்துப் பின்னர் விட்டாற் பிழைத்துக்கொள்ளும். அந்த இடைக்காலத்தில் கோட்டிசோல் என்னும் ஓமோன் செவுளின் உப்புக் கலங்களைப் பெருக்கி வலுப்படுத்துகின்றது. தைரொயிட்டு ஓமோன் அதற்குத் துணை. மனிதருக்குக் கழுத்தில் ஓர் உறுப்பாக அமைந்த தைரொயிட்டு, பெரும்பாலான மீன்களில் தொண்டையின் கீழ்ச் சிறுசிறு மணிகளாய்ச் சிதறிக் கிடக்கும். ஆற்றிலே பிறக்கும் சால்மன் குஞ்சு கடலுக்குப் புறப்படும் பருவத்தில், உப்பு நீரைத் தீண்டுமுன்னரே இவ்விரு ஓமோன்களும் அதன் குருதியில் உயர்கின்றன. பயணத்துக்கு முன்னே கட்டுச்சோறு கட்டுவது போன்றதே இது!

விந்தை யாதெனில், இதே கோட்டிசோல்தான் மீன் அஞ்சும்போதும் சுரக்கின்றது. வலையிற் பிடிபட்ட மீனின் உடலில் முதலில் அதிரினலீன் பெருகும். செவுளுக்குக் குருதி விரைந்து பாயும். மூச்சுக்கு அது நன்று. ஆனால் நன்னீர் மீனாயின், அகலத் திறந்த அவ்வாயிலால் உப்பும் ஒழுகிவிடும். அவ்விழப்பை ஈடுசெய்யக் கோட்டிசோல் முயலும். அச்சம் சிறிது நேரத்தில் தணிந்தால் மீன் தேறும். நாட்கணக்கில் நீடித்தாலோ, காக்க வந்த கோட்டிசோலே வளர்ச்சியைக் குன்றச் செய்து, நோயைத் தடுக்கும் வலிமையையும் குறைத்துவிடும்.

ஏற்றிவந்து குளத்தில் விட்ட குஞ்சுகள் அன்று நீந்தித் திரிந்து, இரண்டு மூன்று நாளில் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வளர்ப்போர் குளத்து நீரைக் குறை கூறுவர். வலை பிடித்த கையை நினைப்பவர் சிலரே. முதல்நாள் இரை கொடாது நிறுத்தி, விரைவாகப் பிடித்து, நெருக்கமின்றி ஏற்ற வேண்டும். ஏற்றிச்செல்லும் நீரில் லீற்றருக்கு ஐந்து கிராம் அளவு கறியுப்பைக் கரைத்தால், குருதியிலிருந்து ஒழுகும் உப்புக் குறையும். குளக்கரை சேர்ந்ததும் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பாத்திரத்திற் கலந்து, அதன் பின்னரே குஞ்சுகளை விடுதல் வேண்டும்.