திடுக்கிட்ட பிறகு



சற்று முன் ஒலிபெருக்கி கிறீச்சிட்டபோது நான் மேடையிலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர், மாணவர், ஓரமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தம்பி, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப் போட்டது. இமை மூடியது, கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது, தோள் ஏறியது. அதன் பிறகு ஆளுக்கொரு விதம். ஒருவர் "அம்மா" என்றார், ஒருவர் சிரித்தார், இன்னொருவர் ஒலிபெருக்கிக்காரரை முறைத்தார். இன்று இங்கே வாசிக்கப்போகும் கட்டுரைகள் பலவும் அந்த முதல் துளி நேரத்துக்கும் அடுத்த நொடிக்கும் நடுவில் நிற்கின்றன.

அந்த முதல் துளி, நரம்பியலுக்கு ஓரளவு பிடிபட்ட கதை. காதில் விழுந்த ஓசை பெருமூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மூளைத்தண்டில் பான்ஸ் என்னும் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் நேரே தண்டுவடத்துக்கு உத்தரவு அனுப்பிவிடும். இமை மூட நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலா ஏற்கெனவே விழித்திருந்தால் துள்ளல் பெரிதாகும். இருட்டுச் சந்தில் சருகு விழுந்தாலும் அலறுகிறோமே, அதனால்தான். இதற்குக் கடிவாளம் போடும் பொருள்களில் முக்கியமானது கிளைசின். நம் எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் நஞ்சு அந்தக் கடிவாளத்தை அறுத்துவிடும். நஞ்சுண்டவர் சின்ன ஓசைக்கே விறைத்து வில்லாக வளைவார். அதே கிளைசினை ஏற்கும் புரதத்தின் மரபணு பழுதானால், பிறந்த குழந்தையே தொட்டதும் விறைக்கும். 1993-இல் இது தெரியவந்தது.

அடுத்த நொடி அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. நான் கிள்ளானில் வளர்ந்தவன். எங்கள் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, விற்ற ஒரு மக்சிக்குக்கு, மலாய்க்கார அம்மாவுக்கு, 'லாத்தா' என்று சொல்லப்படும் திடுக்கிடும் இயல்பு உண்டு. பின்னால் போய்த் தகரத்தைத் தட்டினால் ஜல்லிக்கரண்டி கையிலிருந்து பறக்கும். "ஒப்போச்சோட்!" என்று கத்துவார், கூடவே சொல்லக் கூசும் ஒரு சொல்லும் வரும். நாங்கள் கையை ஆட்டினால் அவர் கையும் ஆடும். குதி என்றால் குதிப்பார். கூட்டம் சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே தூடோங் முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். தகரம் தட்டியவர்களில் நானும் ஒருவன்.

லாத்தா நேற்று முளைத்ததில்லை. 1880-களில் கோலாலம்பூர்க் கட்டடங்களைச் செங்கல்லில் கட்டச் சொன்னவர் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம்; நாம் கூடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸின் பெயரே அந்தச் செங்கல் சூளைகளால் வந்தது. அவர் 1895-இல் வெளியிட்ட 'மலாய் ஸ்கெட்சஸ்' நூலில், லாத்தா உள்ள ஆண்களைத் தாம் நேரில் கண்டதை எழுதியிருக்கிறார். லாத்தா என்றாலே நடுவயதுப் பெண்கள் என்று சொல்லிப் பழகிய நம்மவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அதற்கும் முன்பே, 1884-இல், பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஜீல் த லா துரேத், இதேபோலத் துள்ளும் அமெரிக்காவின் மெய்ன் மாநில மரவெட்டிகளையும் சைபீரியர்களையும் மலாய்க்காரர்களையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுதிவிட்டார்.

1980-இல் மனநல மருத்துவர் ரொனால்டு சைமன்ஸ் லாத்தாவைப் பற்றிச் சொன்னது இது: சட்டென்று திடுக்கிடும் உடல்வாகு எல்லா நாட்டிலும் உண்டு, அதற்கொரு பெயர் வைத்து, சீண்டிச் சீண்டி, இன்ன மாதிரி துள்ள வேண்டும் என்று பழக்குவது ஊர். மூன்றாண்டு கழித்து மானுடவியலாளர் மைக்கேல் கென்னி மறுத்தார். நரம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், இது அந்தச் சமூகம் கொடுத்த வேடம் என்பது அவர் கட்சி. நான் சைமன்ஸ் பக்கம். ஆனால் என் போன்ற மருத்துவர்கள் அவர் வாக்கியத்தின் முன்பாதியை மேற்கோள் காட்டிவிட்டுப் பின்பாதியை விழுங்கிவிடுகிறோம். மூளைப் படத்தில் அமிக்டலா சிவப்பாகத் தெரிந்ததும் விளக்கம் முடிந்ததாக எழுந்துவிடுகிறோம். தகரம் தட்டிய பையன் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

மருத்துவம் படித்து முடித்து ஊர் திரும்பியபோது அதே மக்சிக்கைப் பார்க்கப் போனேன். அடுப்பைச் சுவரோரமாக மாற்றிப் போட்டிருந்தார். பின்பக்கம் யாரும் வர வழியில்லை. அருகே ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று வெடித்துக் கிளம்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும் தோள் துள்ளியது. ஆனால் கரண்டி கையிலேயே இருந்தது, வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. "எத்தனை ரிங்கிட்டுக்கு வேண்டும்?" என்றார்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.