மென்படலமும் ஹைட்ரஜனும்: தகைவை அளத்தல்



மழைநாள்களில் மரக்கதவு ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, நிலையோடு இறுகிக்கொள்வதை நாம் அறிவோம். உலோகத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. பல்லேடியம் தன் பருமனைப் போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்ளும் என்பதைத் தாமஸ் கிரகாம் என்னும் வேதியியல் அறிஞர் 1866ஆம் ஆண்டில் அறிவித்தார். சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 609 மில்லிமீட்டர் நீளமுள்ள பல்லேடியக் கம்பியில் அவர் ஹைட்ரஜனை ஏற்றினார். அது 619 மில்லிமீட்டராக நீண்டது. வாயுவை வெளியேற்றியபின் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. 599 மில்லிமீட்டராகக் குறுகிவிட்டது.

கம்பிக்கு நீள்வதற்கு இடம் இருந்தது. சிலிக்கன் தகட்டின்மேல் படியவைத்த மென்படலத்துக்கு அது இல்லை. பக்கவாட்டில் விரிய முயலும் படலத்தைத் தகடு பற்றி நிறுத்துகிறது. படலத்துள் அமுக்கத் தகைவு தோன்றுகிறது.

‘ஸ்ட்ரெஸ்’ என்பதை அழுத்தம் என்றே எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. மன அழுத்தம் என்னும் வழக்கு அதற்குத் துணைநிற்கிறது. இப்பொருளில் அது பெருங்குழப்பம் தரும். வளிமண்டல அழுத்தத்துக்கும் குறைந்த அழுத்தமுள்ள ஹைட்ரஜன், படலத்துள் கிகாபாஸ்கல் அளவில் தகைவை உண்டாக்கவல்லது. முன்னது வாயுவுக்கு உரியது, பின்னது உலோகத்துக்கு உரியது. இடையே பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. தமிழகப் பாடநூல்களின் ‘தகைவு’, இலங்கைப் பாடநூல்களின் ‘தகைப்பு’ இரண்டில் எதையும் கொள்ளலாம். அழுத்தம் மட்டும் வேண்டா.

இத்தகைவை எவ்வாறு அளப்பது? 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை நேரே இழுத்தோ அமுக்கியோ பார்ப்பது எளிதன்று. எனவே அதைத் தாங்கும் தகட்டைக் கவனிக்கிறோம். 1909இல் ஸ்டோனி என்பவர் எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தில் நிக்கலை மின்முறையில் படியவைத்து, பட்டை வளைந்த அளவிலிருந்து தகைவைக் கணித்தார். தகட்டின் மீட்சிக் குணகம், அதன் தடிமனின் இருமடி, வளைவு ஆகியவற்றைப் பெருக்கி, படலத் தடிமனின் ஆறு மடங்கால் வகுத்தால் தகைவு கிடைக்கும். படலத்தின் மீட்சிக் குணகம் இதில் இடம்பெறவே இல்லை. ஹைட்ரஜன் ஏற ஏற அக்குணகம் மாறக்கூடும் என்பதால், நமக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். சிலிக்கன் பட்டையின் தடிமன் 0.3 மில்லிமீட்டர், படலத்தின் தகைவு 1 கிகாபாஸ்கல் எனில், வளைவின் ஆரம் ஏறத்தாழ 27 மீட்டர். ஒரு முனையில் பற்றப்பட்ட 40 மில்லிமீட்டர்ப் பட்டையின் மறுமுனை 30 மைக்ரோமீட்டரே நகரும், கண்ணுக்குப் புலப்படாது. அம்முனையில் லேசர்க் கதிரைத் தெறிக்கவிட்டு 2 மீட்டருக்கு அப்பால் திரையை வைத்தால், ஒளிப்புள்ளி 6 மில்லிமீட்டர் நகர்கிறது. இதைப் பள்ளி அளவுகோலே அளந்துவிடும்! வெப்பநிலையை மட்டும் மாறாது காக்க வேண்டும். உலோகமும் சிலிக்கனும் வெவ்வேறு அளவில் விரிவதால் வெப்பமும் பட்டையை வளைக்கும்.

ஹைட்ரஜனின் அளவு கூடக் கூடத் தகைவு முதலில் நேர்கோட்டில் ஏறுகிறது. பின்னர் ஏற்றம் தளர்கிறது. உலோகம் நிலையாக உருமாறத் தொடங்கியிருக்கலாம். அவ்வாறாயின், ஹைட்ரஜனை வெளியேற்றியதும் படலம் இழுவிசைத் தகைவில் போய் நிற்கும்; கிரகாமின் கம்பியைப் போலவே தொடக்க நிலைக்கு மீளாது. ஆனால் படலம் தகட்டைவிட்டுப் பெயர்ந்தாலும் ஏற்றம் தளரவே செய்யும். லேசர்ப்புள்ளி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே அளவீட்டின்போதே படலத்தின் மேற்பரப்பை நுண்ணோக்கியாலும் பார்த்துவர வேண்டும். கொப்புளமோ சுருக்கமோ எழுந்துவிட்டால், அதற்குப் பின் எடுத்த அளவுகளுக்கு ஸ்டோனியின் சூத்திரம் பொருந்தாது.