பீரங்கிக்கு ஒதுக்கிய பணத்தில் நமக்கு எவ்வளவு?

(மயிலாப்பூரில் ஆகஸ்ட் 2025இல் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடந்த மே 10ஆம் தேதி, இந்த மயிலாப்பூரில், கடற்கரைச் சாலையில் இருக்கிற டிஜிபி அலுவலகத்திலிருந்து தீவுத்திடல் பக்கமுள்ள போர் நினைவுச் சின்னம் வரை ஒரு பேரணி போனது. ராணுவத்துக்கு ஆதரவாக முதலமைச்சர் தலைமையில் நடந்த பேரணி. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே போர் நிறுத்தம் என்று கைபேசிகளில் செய்தி வந்துவிட்டது. பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் என்னிடம், "அப்போ முடிஞ்சிடுச்சா தம்பி?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றுதான் சொன்னேன். ஆனால் ராணுவத் தளவாட நிறுவனங்களின் பங்குகள் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டிருந்தன.

பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை யாராலும் எளிதாகக் கடந்துவிட முடியாது. அந்தத் துயரம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் துயரத்தின் மேல் நின்று யார் யாருக்குப் பணம் போகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அதே போர் நினைவுச் சின்னத்தின் அருகில் 2022 ஜூன் மாதம் வேறொரு கூட்டம் கூடியது. வடமாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் உடல் தகுதித் தேர்வு முடித்து எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்கள். கொரோனாவைச் சொல்லி ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்திருந்த ஒன்றிய அரசு, திடீரென்று ஜூன் 14ஆம் தேதி 'அக்னிபத்' என்று அறிவித்தது. நான்கு வருட வேலை. முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது. ஓய்வூதியம் கிடையாது. அன்று அந்த இளைஞர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. அவர்களுக்காக யாரும் பேரணி நடத்தவில்லை.

கணக்குக்கு வருவோம். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6,81,210 கோடி ரூபாய். மொத்தச் செலவில் 13 சதவீதத்துக்கும் மேல். இதில் ஓய்வூதியம் 1,60,795 கோடி. ஆயுதம் வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவு 1,80,000 கோடி. அந்த மூலதனத்தில் உள்நாட்டுத் தனியார் நிறுவனங்களிடமிருந்து வாங்குவதற்கென்றே தனியாக எடுத்து வைத்தது 27,886 கோடி. கோடிக்கணக்கான கிராமப்புறக் குடும்பங்களுக்கு வேலை தர வேண்டிய நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 86,000 கோடி, அதுவும் முந்தைய ஆண்டு ஒதுக்கிய அதே தொகை. ஏப்ரலில் பிரான்சிடம் கடற்படைக்காக 26 ரஃபேல் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 63,000 கோடி.

நான் ஆய்வு மாணவன் என்பதால் இன்னொன்று. தலித் மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகைக்கு இந்த ஆண்டு 106 பேர் தேர்வானார்கள். ஜூலையில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போனது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். ஒரு போர் விமானத்தின் விலையில் எத்தனை பேர் படிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் விடுதிக்குக் கடன் சொன்ன அனுபவம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தில் போடுகிற கணக்கு சரியாக வராது.

ஆனால் 'பாதுகாப்புச் செலவு மொத்தமும் வீண்' என்று நான் சொல்ல மாட்டேன். முற்போக்கு மேடைகளில் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என் பெரியப்பா ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவர். இடஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. ஆவடியில் டாங்கி செய்த தொழிற்சாலையிலும் அப்படி வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். பெரியப்பா வீட்டில் முதலில் மின்விசிறி வந்ததும், அக்கா கல்லூரிக்குப் போனதும் அந்தச் சம்பளத்தில்தான். பாதுகாப்பு நிதி என்ற பெருங்கடலிலிருந்து நம் தெருவுக்கு வந்த ஒரு வாய்க்கால் அது. இப்போது கடல் பெருகிக்கொண்டே இருக்கிறது, வாய்க்காலை அடைக்கிறார்கள்.

2021 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்கு, உடைத் தொழிற்சாலை கான்பூரில் தலைமையகம் உள்ள வேறொரு கம்பெனிக்கு. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்று, அதற்கு மூன்று மாதம் முன்பே அவசரச் சட்டம் போட்டு வேலைநிறுத்தத்தைத் தடை செய்தார்கள். இந்தக் கம்பெனிகளில் இன்றைக்கும் இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஆர்டர்கள் தனியாருக்குப் போகப் போக, இங்கே புது ஆள் எடுக்க என்ன அவசியம் இருக்கும்? தனியாரிடம் இடஒதுக்கீடு கேட்க நமக்குச் சட்டமே இல்லை.

இந்த அடைப்பு வேலை புதிதல்ல. கம்பெனிக் காலத்துச் சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்தவர், படைப்பள்ளியில் பாடம் நடத்தியவர். அந்தக் குடும்பத்துக்குள் எழுத்து நுழைந்த வழி அது. சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் என்ற பிரபு, தென்னாட்டாருக்குப் போர்க்குணம் இல்லை என்று முடிவு கட்டினார். 'போர்க்குடி'க் கொள்கை வந்தது, 1890களில் மகர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. வெள்ளைக்காரன் போனபிறகும் அந்த வாசனை போகவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகியோரிலிருந்துதான் ஆள் எடுப்பதாக 2013இல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. செயல்பாட்டுத் தேவையாம்!

'அப்படியென்றால் நாட்டுக்குப் பாதுகாப்பே வேண்டாமா?' என்று கேட்பார்கள். அம்பேத்கர் படை வேண்டாம் என்றவர் அல்ல. 1941இல் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தவர். அதே ஆண்டு மகர் படைப்பிரிவு உருவாகப் பாடுபட்டவர். அவர்தான் 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது எழுதிய அறிக்கையில் ஒரு கணக்கைச் சொன்னார்: ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய், அதில் ராணுவத்துக்குச் சுமார் 180 கோடி. இவ்வளவு பெரிய செலவு நம் வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு, ஆபத்தில் உதவ நமக்கு நண்பர்கள் இல்லை, அதனால் முழுச் செலவையும் நாமே சுமக்கிறோம் என்பது அவர் வாதம். இந்து சட்டத் தொகுப்புக்காக விலகினார் என்று மட்டுமே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ராணுவச் செலவு பற்றிக் கேட்பது தேசத் துரோகம் என்றால் முதல் குற்றவாளி சட்ட அமைச்சராக இருந்தவர்தான்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் இங்கிருந்து தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. காவிரிக்காக ஊரே கறுப்புக் கொடி பிடித்த நாட்கள். 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது: சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. ஆட்சி மாறியது, திட்டம் மாறவில்லை. 2022இல் மாநில அரசு தன் வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கையை வெளியிட்டது. பத்தாண்டுகளில் 75,000 கோடி முதலீடு, ஒரு லட்சம் வேலை என்பது அதன் இலக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நிற்கிறார்கள். ஆயுதம் செய்கிற வேலையாக இருக்கிறதே என்று அவர்களிடம் நான் எப்படிச் சொல்வது? அதில் எனக்கே தடுமாற்றம் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆனால் நிலமும் மானியமும் மாநில அரசு கொடுக்கிறது. வாங்குகிற கையும் பெரும்பாலும் ஒன்றிய அரசுடையது. சந்தை என்று ஒன்று இதில் பெயருக்குத்தான் இருக்கிறது. முழுக்க மக்கள் பணத்தில் நிற்கிற ஒரு தொழிலில் 69 சதவீதம் கேட்க நமக்கு உரிமை இல்லையா? இதைக்கூடக் கேட்காமல் சமூகநீதி மாநிலம் என்று எதைச் சொல்கிறோம்?

வழித்தடத் திட்டத்துக்குப் பொறுப்பான டிட்கோவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் அனுப்ப ஒரு மனு எழுதியிருக்கிறேன். மூன்று கேள்விகள்தான்: எந்தெந்த நிறுவனத்துக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு சலுகை, இதுவரை எத்தனை பேருக்கு வேலை, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை. சமூகவாரியாகக் கேட்டால் அந்த விவரம் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வரும் என வழக்கறிஞர் தோழர் ஒருவர் சொன்னார். அந்தப் பதிலும் நமக்குத் தேவை என்பதால் அதையும் கேட்டிருக்கிறேன். மனுவின் படி வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஓசூர், சேலம் பக்கம் ஊர் உள்ளவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஊர்களில் நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.