அப்பம் சுமந்த அடிகளார்



எங்கள் வானூருக்கு வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை வெளேரெனப் பரந்து கிடக்கின்றன. அங்கே உழைப்போரின் பிள்ளைகள் பலர் என்னிடம் பயின்றவர்கள். நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், அவர்களுள் ஒருவனுக்கு அம்மை கண்டது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பாடக் குறிப்புகளை எழுதி எடுத்துக்கொண்டு அவன் தெருவரை சென்றேன். வாசலில் செருகியிருந்த வேப்பிலை கண்ணில் பட்டது. மேலே நடக்க மனம் துணியவில்லை. வழியில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் தாள்களைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன். இதனை ஏன் கூறுகிறேன் என்பது இப்பேச்சின் முடிவில் விளங்கும்.

இன்று நான் கூற வந்தது புனித யோசேப்பு வாஸ் அடிகளாரின் வரலாறு. 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவில் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676-இல் குருவானவர் ஆனவர்.

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக்கு நடுநாயகமாக விளங்குவது திருப்பலி. அதில் குருவானவர் கோதுமை அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் அர்ப்பணிக்கிறார். அவை இயேசுவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. இதனையே நற்கருணை என்பர். குருவானவர் இல்லையேல் திருப்பலி இல்லை. திருப்பலி இல்லையேல் நற்கருணையும் இல்லை.

இந்நிலைதான் இலங்கையில் நேர்ந்தது. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமார்க்குத் தடை விதித்தனர். குருமார்க்கு இடங்கொடுப்போரும் தண்டனைக்கு உள்ளாயினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அம்மக்கள் நற்கருணையின்றி வாழ்ந்தனர். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தும் அதனைக் கண்ணால் காணவில்லை.

இச்செய்தி கேட்டு வாஸ் அடிகளார் தமிழ் கற்றார். கூலியாளின் கோலத்தில் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து, 1687-இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். இறங்கியதும் வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வீழ்த்தியது. தொற்றுக்கு அஞ்சி ஊரார் விலகிய வேளையில், இரக்கமுள்ள பெண் ஒருத்தி கஞ்சி கொடுத்துக் காத்தாள் என்பர்.

நோய் நீங்கியபின் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்கள் யார் என்பதை மனத்தில் குறித்துக்கொண்டார். பின்னர் சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். பகலில் பிச்சை ஏற்ற கைகள் இரவில் அப்பத்தைப் பகிர்ந்தளித்தன.

1692-இல் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறைப்படுத்தினர். சிறையிலும் அவர் காலத்தை வீணாக்காமல் சிங்களம் பயின்றார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவருடைய மாசற்ற மனத்தை உணர்ந்தார். மன்னர் பௌத்தர், ஆயினும் தம் நாட்டில் தடையின்றிப் பணிபுரிய அடிகளார்க்கு இடமளித்தார். பிற சமயத்தார் காட்டிய இப்பெருந்தன்மையை நாம் மறத்தல் ஆகாது.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் செல்வரும் நகரை நீங்கினர். நோயுற்றோர் உற்றாராலேயே கைவிடப்பட்டனர். அடிகளாரோ அங்கேயே தங்கினார். சமய வேறுபாடு பாராது புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். பீடத்தில் பகிர்ந்த அன்பும் நோயாளியின் பாயருகே பகிர்ந்த அன்பும் அவருக்கு வேறு வேறல்ல.

1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அவர் கண்டியில் உயிர்நீத்தார். தாயகமாகிய கோவாவுக்கு அவர் திரும்பவே இல்லை. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

மாணவர்களே, இவ்வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, வேப்பிலை செருகிய அந்த வாசல் என் நினைவில் எழுந்தது. என் மாணவன் பிழைத்தான்; தேர்விலும் தேறினான். ஆனால் நான் அஞ்சிய வாசலுக்கு அனுப்பிய அச்சிறுவன் என்ன ஆனான்? அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நாம் செல்ல அஞ்சும் இடத்திற்குப் பிறரை அனுப்புவது தொண்டு ஆகாது. அடிகளார் யாரையும் தமக்காக அனுப்பவில்லை, தாமே சென்றார். நீங்களும் உங்கள் கடமையின் வாசல்வரை நீங்களே நடந்து செல்லுங்கள்.