இயந்திரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் யார்? – சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’

(திருவனந்தபுரம் மாவட்டம் கல்லாறில், ‘மாடர்ன் டைம்ஸ்’ திரைப்படத்தை முன்வைத்து நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாப்ளினை மக்கள் நடுவே கொண்டுசெல்வது கேரள மண்ணுக்குப் புதிதல்ல. 1984இல் ஜான் ஆபிரகாமும் அவருடைய தோழர்களும் ‘ஒடேசா’ என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, மக்கள் தந்த சிறு தொகைகளைத் திரட்டினர். அந்தப் பணத்தில் 1986இல் உருவானதே ‘அம்ம அறியான்’. தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை எடுத்தவரும் அதே ஜான் ஆபிரகாம்தான். முதலாளியின் மூலதனம் இன்றியும் கலை பிறக்க முடியும் என்பதை நிறுவ முற்பட்ட அவர்கள், அதற்குத் துணையாகச் சாப்ளினை அழைத்துக்கொண்டது தற்செயல் அல்ல. உழைக்கும் மக்கள் விளக்கவுரை இன்றியே புரிந்துகொள்ளும் கலைஞர் அவர்.

‘மாடர்ன் டைம்ஸ்’ 1936 பிப்ரவரியில் நியூயார்க்கில் வெளியாயிற்று. 1929இல் வெடித்த பெரும் பொருளாதார நெருக்கடியின் நிழல் அப்போதும் நீங்கவில்லை. நெருக்கடியின் உச்சத்தில், 1933இல், அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 7 அன்று, டெட்ராய்ட் அருகே ஃபோர்டு ஆலையை நோக்கிப் பட்டினி ஊர்வலம் சென்ற வேலையற்றோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. படத்தில் வரும் அநாதைப் பெண்ணின் தந்தையும் வேலையற்றோர் கிளர்ச்சியின்போது சுடப்பட்டு இறக்கிறார். நகைச்சுவைப் படம் என்று பெயர் பெற்றதற்குள் இந்த இரத்தக் கறை இருக்கிறது.

படம் தொடங்கியதும் ஆட்டு மந்தை ஒன்று நெருக்கியடித்து ஓடுகிறது. மறுகணம் தொழிலாளர் கூட்டம் ஆலைக்குள் நுழைகிறது. உள்ளே, நகரும் பட்டையின் முன் நின்று மறையாணிகளை முறுக்குவதே நாயகனின் வேலை. மூக்கைச் சொறியக்கூட நேரமில்லை. ஒரு நொடி தவறினால் அடுத்தவரின் வேலை குலைகிறது. அவர் இவரை அடிக்க வருகிறார். தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்துவதற்கு இங்கே எவரும் சூழ்ச்சி செய்யத் தேவையில்லை. பட்டையின் வேகமே அதைச் செய்துவிடுகிறது.

இது கற்பனை அல்ல. 1911இல் டெய்லர் ‘விஞ்ஞான நிர்வாகம்’ பற்றி நூல் எழுதினார். தொழிலாளியின் கையசைவை நொடிக்கணக்கில் அளந்து, வேலையின் அறிவை அவரிடமிருந்து பிரித்து நிர்வாகத்திடம் ஒப்படைப்பதே அதன் சாரம். 1913இல் ஃபோர்டு ஆலையில் நகரும் பட்டை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பிடித்த கார் அடிச்சட்டத்தின் கோப்பு வேலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. மிச்சமான நேரம் தொழிலாளியின் ஓய்வாக மாறியதா? இல்லை; கூடுதல் கார்களாகவும் கூடுதல் இலாபமாகவும் மாறியது. தொழிலாளி இயந்திரத்தின் ஒட்டுறுப்பாக்கப்படுகிறார் என்று மார்க்சும் எங்கெல்சும் 1848இலேயே கண்டுரைத்தனர். மறையாணி முறுக்கியபடியே ஆலையைவிட்டு வெளியேறி, கண்ணில் பட்ட பொத்தான்களையெல்லாம் முறுக்கத் துடிக்கும் சாப்ளின் அந்த உண்மையின் உருவம்.

அடுத்து வருவது சோறூட்டும் இயந்திரம். தொழிலாளி பட்டையின் முன் நின்றவாறே உண்டுவிட்டால் உணவு இடைவேளையை ஒழித்துவிடலாம் என்கிறார் விற்க வந்தவர். இயந்திரம் பழுதடைந்து தொழிலாளியின் முகத்தில் அறைகிறது, அரங்கம் சிரிக்கிறது. முதலாளி அதை ஏன் வாங்க மறுக்கிறார் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அது மனிதனை அவமதிக்கிறது என்பதற்காக அல்ல. நடைமுறைக்கு உதவாது என்பதற்காக மட்டுமே. நன்றாக இயங்கியிருந்தால் வாங்கியிருப்பார்.

பேசும்படம் வந்து எட்டாண்டுகளுக்குப் பின்னும் சாப்ளின் இப்படத்தைப் பெரும்பாலும் மௌனமாகவே எடுத்தார். இதில் மனிதக் குரல் பெரும்பாலும் இயந்திரங்களின் வழியாகவே ஒலிக்கிறது: முதலாளியின் கட்டளை திரையிலிருந்து, விற்பனையாளரின் புகழுரை இசைத்தட்டிலிருந்து. கழிப்பறையில் ஒரு நிமிடம் புகைபிடிக்க ஒதுங்கினாலும் சுவரிலிருந்து முதலாளியின் முகம் அதட்டுகிறது. ஆளும் வர்க்கத்துக்குக் குரல் உண்டு, தொழிலாளிக்கு இல்லை. இறுதியில் நாயகன் வாய் திறந்து பாடும்போதும் அது எந்த மொழிக்கும் உரியதாய் இல்லை. கண்காணிப்புக் கருவிகளும் கைபேசிச் செயலிகளும் உழைப்பாளியின் ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்கெடுக்கும் இக்காலத்தில், அந்தச் சுவர் முகம் பழையதாகத் தோன்றவில்லை.

எனில் இயந்திரம்தான் பகையா? 1931 செப்டம்பரில் இலண்டனில் காந்தியடிகளைச் சந்தித்தபோது சாப்ளின் எழுப்பியதும் இயந்திரம் பற்றிய கேள்வியையே. அறத்தோடு பயன்படுத்தினால் இயந்திரம் மனிதனை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்காதா என்பது அவர் வாதம். இந்தியாவை இங்கிலாந்தைச் சார்ந்திருக்கச் செய்தது இயந்திரமே என்பது காந்தியின் விடை. மார்க்சியம் இவ்விவாதத்தை வேறு இடத்திலிருந்து அணுகுகிறது. இயந்திரத்தையும், அதை முதலாளித்துவம் பயன்படுத்தும் விதத்தையும் அது பிரித்துப் பார்க்கிறது. விசை யார் கையில் என்பதே அதன் கேள்வி.

இக்கேள்விக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இம்மலைத்தொடரிலேயே, போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஆலை இயந்திரங்கள் ஓய்ந்து கிடக்கின்றன. இயந்திரம் நின்றதால் தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஊதிய பாக்கியும், பணிக்கொடைக்கான காத்திருப்பும், சிதிலமான லயங்களும்தான் எஞ்சின. தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே உள்ளனர். படத்திலும் இதுவே நிகழ்கிறது: ஆலை ஓடும்போது நாயகனுக்குப் பித்துப் பிடிக்கிறது; ஆலை மூடும்போது பட்டினி பிடிக்கிறது. சிறையே பாதுகாப்பான இடமென்று அவன் திரும்பிப் போக விரும்பும் அளவுக்கு வெளியுலகம் கொடியதாகிறது. இயந்திரம் ஓடினாலும் துன்பம், நின்றாலும் துன்பம் என்றால் நோயின் வேர் இயந்திரத்தில் இல்லை. உடைமை உறவில் இருக்கிறது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் முன் நகரும் பட்டை இல்லை. ஆனால் தராசு இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற அளவே அவரது பட்டை. கூலியை உயர்த்திவிட்டு அந்த அளவையும் உயர்த்தினால், பட்டையின் வேகம் கூட்டப்பட்டது என்றே பொருள்.

படத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. சாலையில் லாரியிலிருந்து விழுந்த எச்சரிக்கைக் கொடியை நாயகன் எடுத்து ஆட்டுகிறான். பின்னால் ஊர்வலம் சேர்கிறது. அவனே தலைவன் என்று காவல்துறை பிடித்துச் செல்கிறது. அவன் கையில் செங்கொடி வந்ததும் தற்செயல், போனதும் தற்செயல். படத்தில் வேலைநிறுத்தம் உண்டு, சங்கத்தின் உள்வாழ்வு இல்லை. முடிவில் அவனும் அந்தப் பெண்ணும் நெடுஞ்சாலையில் நடந்து செல்கிறார்கள், போகுமிடம் சொல்லப்படவில்லை. இதைச் சாப்ளினின் குற்றமாக்குவது நியாயமாகாது. நெருக்கடியைத் திரையில் காட்டுவது கலைஞரின் பணி. அதிலிருந்து வெளியேறும் வழி அமைப்பாகத் திரண்ட வர்க்கத்தின் பணி. அந்த அளவுக்கு உண்மை பேசியதையும் ஆளும் வர்க்கம் மன்னிக்கவில்லை. 1952இல் சாப்ளின் கப்பலேறியதும் அமெரிக்கா அவரது மறுநுழைவு அனுமதியை இரத்து செய்தது.

அந்த வழியைத் தொழிலாளர்களே காட்டினர். படம் வெளியான அதே 1936இன் இறுதியில், ஃபிளின்ட் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து பட்டையை நிறுத்தினர். 1937 பிப்ரவரியில் சங்க அங்கீகாரத்தை வென்றனர். சென்னையில் சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறாண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தது சங்க உரிமைக்காகவே. சங்கப் பதிவை 2025 ஜனவரியில் பெற்றனர்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட பழைய பாதுகாப்புகளை நான்கு சட்டத் தொகுப்புகள் விழுங்கியுள்ள இவ்வேளையில், இப்படத்தைப் பார்த்துச் சிரிப்பதோடு கடமை முடிவதில்லை. திரையிடலுக்குப் பின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேள்வி விவாதிக்கப்பட வேண்டும்: இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது யார், அதைக் குறைக்கும் வலு எத்தனை பேரின் ஒற்றுமையில் இருக்கிறது? மறையாணி முறுக்கும் ஒரு கை நின்றால் கிடைப்பது அடி. எல்லாக் கைகளும் நின்றால் நிற்பது பட்டை.