'இல்லை' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்
(வானொலியில் நிகழ்த்திய உரை)



விதை, உரம், பூச்சிமருந்து பற்றி அடிக்கடி பேசுகிறோம். இன்றைக்கு வயலில் அடிபட்டு உடல் முடங்கியவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர், பனையிலிருந்து விழுந்தவர், பம்புசெட்டில் மின்சாரம் தாக்கியவர் என்று ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அரசாங்க உதவித்தொகை கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால், 'நம்ம தலையெழுத்து' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். கதிரடிக்கிற மிஷினில் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. மணிக்கட்டும் மடங்காது. களைக்கொத்து பிடிக்க முடியாது. சோற்றை இடது கையால்தான் பிசைகிறார். மருத்துவ முகாமில் 35 சதவீதம் என்று சான்று கொடுத்தார்கள். மாநில அரசின் உதவித்தொகைக்கு 40 சதவீதம் வேண்டும். "அஞ்சுல போச்சுடா" என்று காகிதத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டார். அது என் கண்ணில் பட்டபோது 78 நாள் ஓடியிருந்தது.

ஏன் நாளை எண்ணுகிறேன் என்றால், சட்டத்தில் கெடு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அதன் கீழ் வந்த விதிகளும் சொல்வது இது: சான்றில் போட்ட அளவு சரியில்லை என்றாலோ, சான்றே மறுத்துவிட்டாலோ, முடிவு தந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்களை நேரில் அழைத்துக் கேட்டு, காரணத்தோடு 60 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். யாரிடம் கொடுப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு எழுதுவது பெரிய வித்தை இல்லை. என்ன நடந்தது, முடிவு ஏன் தவறு என்று நாலு வரி எழுதி, சான்றின் நகலையோ மறுப்புக் கடிதத்தின் நகலையோ சேர்க்கவேண்டும். சித்தப்பாவின் சான்றில் விரலை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள். மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் எழுதினோம். ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே இரண்டையும் இணைத்தோம். மறுபடி சோதித்து 46 சதவீதம் என்று சான்று வந்தது.

அதனால் ஒன்று சொல்கிறேன். அடிபட்ட நாளிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். முகாமில் டாக்டரிடம், எங்கே வலிக்கிறது என்பதோடு நிறுத்தாமல், என்னென்ன வேலை செய்ய முடியவில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சான்று கையில் வந்ததும் இ-சேவை மையத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், சான்று, போட்டோ எடுத்துப் போங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுத, தாசில்தார் முடிவு செய்வார். இந்த உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

சித்தப்பாவுக்கு இங்கேயும் முட்டுக்கட்டை விழுந்தது. 'நிலம் உள்ளவர்' என்று தள்ளிவிட்டார்கள். நாலு அண்ணன் தம்பிக்கும் சேர்ந்த கூட்டுப் பட்டா. மொத்த நிலத்தையும் இவர் ஒருவர் கணக்கில் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அது முதலில் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி, விசாரணை அறிக்கையின் நகல் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது அந்தச் சட்டம். நகலைப் பார்த்த பிறகுதான் எங்கே பிசகு என்று புரிந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். மறு விசாரணை நடந்து, தொகை அனுமதியானது.

பெருமக்களே, எழுத்து வேலை தெரியாதே என்று தயங்கவேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள். இடைத்தரகருக்கு ஒரு காசும் கொடுக்கவேண்டாம்.

மூன்று காரியம் மட்டும் மனதில் வையுங்கள். எதையும் எழுத்தில் கேளுங்கள். காகிதம் கைக்கு வந்த தேதியை அதன் ஓரத்திலேயே குறித்து வையுங்கள். காரணம் தெரியாமல் திரும்பாதீர்கள்.

சித்தப்பாவுக்கு முதல் மாதப் பணம் வந்த அன்று, இடது கையால் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். காகிதம் தகரப் பெட்டியில் தூங்கிய அந்த நாட்களுக்கு மட்டும் யாரும் பணம் தரவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு காகிதம் இருந்தால், இன்று ராத்திரியே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.